இரண்டு பேர் வண்டிக்கு ஒரு கேரியர்

அந்தச் சின்ன வண்டியை நான் வாங்கியபோது ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மீதிப் பேர் என் அண்ணனிடம் போய்ச் சிரித்தார்கள். பஞ்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. பச்சை நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். கதவு என்று பேருக்கு ஒன்று இருக்கும். உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் ரோட்டைத் தொடலாம். இருக்கைக்குப் பின்னால் நேராகப் பெட்ரோல் டாங்கு, டாங்கின் முதுகில் ஸ்டெப்னி, அத்தோடு வண்டி முடிந்துவிடும். மழை வந்தால் இழுத்துவிட ஒரு துணி டாப்பு உண்டு. அதை மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும் என்பதால் நான் அதைப் பெரும்பாலும் மடித்தே வைத்திருந்தேன்.

மேலமாசி வீதிக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு சிறிய ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். சென்னையில் எல்.எம்.பி. என்ற டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்களுடையது மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி சாலையோரம் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். அண்ணன் பயிரையும் பார்த்துக்கொண்டு அதே சாலையில் ஒரு பஸ்ஸும் விட்டிருந்தார். நான் ஓட்டக் கற்றது அந்தப் பஸ்ஸில்தான். அதன் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழகிய கைக்கு இந்தக் கார் ஒரு பொம்மை. பிரசவத்துக்குக் கூப்பிட்டு ஆள் வந்தால், குதிரை வண்டி பூட்டிக்கொண்டு நாகமலை தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்து பெயரும் வைத்திருப்பார்கள். அல்லது எல்லாம் முடிந்திருக்கும். இரண்டாவதை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். அதனால் வேகமான வண்டி ஒன்று கைக்கு எட்டியதும் வாங்கிவிட்டேன். சிரித்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை.

கவலைப்பட்டவர் என் நர்ஸம்மாதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, நல்ல பருமன். பிரசவம் பார்ப்பதில் அவர் கைக்கு ஈடு மதுரையில் இல்லை. நாங்கள் வெளியூர் போகும்போது ஒரு தேக்குப் பெட்டி கூடவே வரும். ஆயுதங்கள், பஞ்சு அடைத்த டிரம், லோஷன் பாட்டில்கள், பீங்கான் பேசின்கள், ரப்பர் விரிப்பு, ஸ்பிரிட் அடுப்பு எல்லாம் அதற்குள். ஓட்டுகிற இடத்தில் நான், அடுத்த இடத்தில் நர்ஸம்மா. பெட்டிக்கு இடம் அவர் மடிதான்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் திருமங்கலம் போய்த் திரும்பியதும் சேலையை லேசாகத் தூக்கி முழங்காலைக் காட்டினார். இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"டாக்டரம்மா, ஒண்ணு அந்தப் பெட்டி வரட்டும், இல்லாட்டி நான் வாரேன். ரெண்டு பேருக்கும் சேத்து இந்த வண்டியில எடம் இல்ல."

அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொன்னேன். சைக்கிளுக்குப் பின்னால் இருப்பதுபோல இதற்கும் ஒரு கேரியர் வேண்டும் என்றேன்.

"அம்புட்டுத்தானே, நாளைக்கே முடிச்சுருவோம். இம்புட்டு வண்டிக்கு எம்புட்டுப் பாரம் வந்துறப் போகுது?" என்றார்.

மறுநாள் அவரே இரும்புப் பட்டை வாங்கி, தெரிந்த சைக்கிள் கடையில் உட்கார்ந்து வளைத்து, கட்டில் சட்டம் மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்துவிட்டார். கறுப்புச் சாயம் பூசி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெட்ரோல் டாங்கை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருந்த இரண்டு பட்டைகளில் அதை முடுக்கிவிட்டார். பெட்டியை ஏற்றித் தோல்வாரால் இறுக்கினோம். நர்ஸம்மா மடியில் குடையை மட்டும் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி வந்தார்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் காலை நாகமலை அடிவாரத்தில், புளியமரங்களுக்கு நடுவே சாலை குண்டும் குழியுமாக இருக்கிற இடத்தில், நர்ஸம்மா மூக்கைச் சுளித்தார்.

"அடுப்பு ஸ்பிரிட்டு சிந்திருச்சு போலயே."

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஸ்பிரிட் சிந்தவில்லை. வண்டிக்குப் பின்னால், வந்த வழி முழுக்கப் புழுதியில் கறுப்புக் கறுப்பாகச் சொட்டுகள். பெட்டி குலுங்கக் குலுங்கக் கேரியர் டாங்குப் பட்டையை இழுத்திருக்கிறது. பட்டை டாங்கை இழுத்திருக்கிறது. ஓரத்தில் தகடு ஒட்டியிருந்த இடம் மயிரிழை அளவு பிளந்து பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலேயே ஸ்பிரிட் அடுப்பும் தீப்பெட்டியும் வைத்த பெட்டி. நினைத்துப் பார்க்க நேரமில்லை. செக்கானூரணியில் ஒரு பெண் காத்திருந்தாள். பெட்டியை இறக்கி, கை கழுவும் சோப்புக் கட்டியை எடுத்துப் பிளவில் அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோலில் சோப்பு கரையாது என்று பஸ் டிரைவர்கள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கசிவு நின்றது. நர்ஸம்மா பெட்டியைத் தூக்கி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

பிரசவத்தை முடித்துவிட்டு வரும் வழியிலேயே வண்டியைக் காளவாசலுக்குத் திருப்பினேன். அப்போது அங்கே சுண்ணாம்புக் காளவாய்களும், நாலைந்து வண்டிப் பட்டறைகளும்தான் இருந்தன. அண்ணனின் பஸ்ஸைப் பழுது பார்க்கிற பாய் ஒருவருடைய பட்டறை அங்கே. அண்ணனையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

பாய் கேரியரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்: "டாங்கக் கழத்தி ஈயம் வச்சு அடைச்சுத் தர்றேன். இந்தக் கேரியரத் தூக்கிப் போட்ருங்கம்மா. இந்த வண்டிக்குச் சாமான் ஏத்துற நசீபு இல்ல."

"ஏன் இல்லை?"

"எதுல கட்டுவீக? பாடி பூரா மரச் சட்டமும் மெல்லிசுத் தகடும். பிய்ச்சுக்கிட்டு வந்துரும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வண்டியும் எங்கேயோ ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டுதானே ஓடுகிறது? தரையில் உட்கார்ந்து, சேலையைப் பற்றி யோசிக்காமல் அடியில் எட்டிப் பார்த்தேன். பட்டறையில் சேசு என்று சொல்லுகிற இரும்பு அடிச்சட்டம் இரண்டு பக்கமும் பின்கோடி வரைக்கும் வந்து, அங்கே ஒரு கனமான குழாயில் முடிந்திருந்தது.

"பாய், மனுஷ உடம்பில் பாரத்தைத் தோலா தாங்குகிறது? எலும்புதானே? இதோ எலும்பு இருக்கிறது. இங்கிருந்து கால் ஊன்றிக் கேரியரை மேலே கொண்டுபோங்கள். டாங்கையும் பாடியையும் தொடவே கூடாது."

"சேசுல ஓட்டை போட்டா அது வீக்காயிரும்மா."

"ஓட்டை போடாமல் கவ்விப் பிடிக்க முடியாதா?"

பாய் தாடியைச் சொறிந்தார். பிறகு அவரும் அடியில் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம் அவர் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "யு-போல்ட்டு போட்டுக் குழாயக் கவ்வலாம். ஸ்டெப்னிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு காலு. குறுக்க ஒரு தாங்கல். நடுவுல பழைய டயர வெட்டி மெத்த மாதிரி குடுத்துட்டா குலுங்காது."

"அதைத்தான் நான் முதல்லயே நெனச்சேன்," என்றார் அண்ணன்.

நானும் பாயும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. புதுக் கேரியர் டாங்கின் மேல்மட்டத்துக்குச் சமமாக, இருக்கையின் முதுகை ஒட்டியே ஒரு சின்ன மேடை மாதிரி நின்றது. டாங்குக்கும் அதற்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடைவெளி. பாய் அதன்மேல் ஏறி நின்றார். போதாதென்று அண்ணனையும் ஏறச் சொன்னார். இரண்டு ஆள் பாரத்தில் வண்டியின் மூக்கு லேசாக மேலே கிளம்பியதே ஒழிய, கேரியர் அசையவில்லை.

"இது வண்டிய விட நாள் தாங்கும்," என்றார் பாய். சாமான் ஏற்றக் கொடுப்பினை இல்லை என்று முதல்நாள் சொன்ன அதே வாய்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அதை எங்களுக்குக் காட்டியவர் ரயில்வே ஸ்டேஷன் முன்னால் நின்ற ஒரு போலீஸ்காரர். கையை நீட்டி நிறுத்தினார். ஓட்டுவது பெண் என்று கண்டதும் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"ஏம்மா, பின்னாடி நம்பரக் காணோமே?"

"பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது."

"பெட்டிக்குப் பின்னால இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது நியாயம். நம்பர்ப் பலகையையும் பின் விளக்கையும் கேரியர் மறைத்துவிட்டது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பாய் இரண்டையும் கேரியரின் கீழ்ச் சட்டத்துக்கு மாற்றி வைத்தார். மறுபடி அந்தப் பக்கம் போனபோது, போலீஸ்காரர் நம்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வழி விட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தது. ஒரு நாள் மத்தியானம், அண்ணனின் பஸ் கண்டக்டர் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். செக்கானூரணிக்குத் தெற்கே மூன்று மைல் உள்ளே ஒரு ஊர், தலைப்பிரசவம், நேற்றுக் காலையிலிருந்து வலி, பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கை என்று கேட்டதும் நர்ஸம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போகும்போது பாதையில் ஈரம்தான், சேறு இல்லை. ஒன்றரை மணிக்கெல்லாம் அந்த வீட்டில் இருந்தோம். பத்தொன்பது வயதுப் பெண். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் மட்டும் தெளிவாக இருந்தது. வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு கேட்டது. ஆனால் அது குறுக்கே கிடந்தது. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகிவிட்டதால் கர்ப்பப்பை இறுகிப்போயிருந்தது. அந்த நிலையில் உள்ளே கைவிட்டுத் திருப்பினால் கர்ப்பப்பை கிழியும். எனக்கு எது முடியும், எது முடியாது என்பதில் அன்றும் சந்தேகம் இருக்கவில்லை. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அதுவும் சீக்கிரம்.

பெண்ணின் தாயிடம் சொன்னேன். அந்த அம்மாள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனவுக திரும்பி வந்து நான் பாத்ததில்லையே, தாயி."

"கடைசி மூச்சில் கொண்டுபோனால் எப்படித் திரும்புவார்கள், ஆத்தா? உங்கள் மகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இங்கே வைத்திருந்தால் இருக்காது. நானே கொண்டுபோய், அவள் கண் முழிக்கிறவரை கூட இருக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மகளின் கூந்தலை முடிந்துவிட்டார். அதுதான் சம்மதம்.

மாட்டு வண்டியில் மதுரை போய்ச் சேர இரவாகிவிடும். அண்ணனின் பஸ் உசிலம்பட்டிக்குப் போயிருந்தது. என் வண்டி இருந்தது; இருவருக்கான இடம் இருந்தது. பெண்ணை அடுத்த இருக்கையில் தலையணை கொடுத்து, முழங்காலை மடித்துச் சாய்வாகப் படுக்க வைக்கலாம். ஆனால் வழியெல்லாம் அவளை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நாடி பார்க்க வேண்டும். ஓட்டுகிற நான் அதைச் செய்ய முடியாது.

நான் வண்டியைப் பார்த்தபடி நின்றேன். நர்ஸம்மா அதற்குள் தோல்வாரை அவிழ்த்துப் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டார்.

"என்ன செய்றீங்க?"

"பெட்டி இங்கயே கெடக்கட்டும். அங்க எல்லாம் இருக்கும்ல? நான் இதுமேல உக்காந்து வாரேன்."

"நர்ஸம்மா, ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அந்தப் பாயும் உங்க அண்ணனும் ஏறி நின்னாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அவங்கள விடவா நான் கனம்?" என்றவர், ஒரு கணம் யோசித்து, "கொஞ்சம் கனந்தான். மெதுவா போங்க," என்றார்.

நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் இன்னொரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. கரிசல் பாதை களியாகிவிட்டது. சாலை வரும் வரை நர்ஸம்மா ஏறவில்லை. வண்டி தாழ்ந்துவிடும் என்று இருக்கைக்குப் பக்கத்திலேயே, சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்தபடி நடந்தார். பெண்ணின் புருஷனும் மூன்று ஆட்களும் பின்னால் வந்தார்கள். ஓடை இறக்கத்தில் பின் சக்கரங்கள் புதைந்தன. எஞ்சினை உறுமவிட்டால் இன்னும் ஆழமாகத்தான் போகும்.

"கேரியரைப் பிடித்துத் தூக்குங்கள்," என்றேன்.

நாலு பேரும் இரும்புச் சட்டத்தில் கைகொடுத்து "ஏலேலோ" என்று ஒரு மூச்சு பிடித்தார்கள். வண்டியின் பின்பாகம் சேற்றைவிட்டுத் தொட்டில் மாதிரி மேலே எழும்பியது. பெண்ணுக்கு ஒரு குலுக்கல்கூட இல்லை. அப்படியே நாலு முழம் சுமந்து கெட்டித் தரையில் வைத்தார்கள். அப்புறம் இரண்டு இடத்தில் அதேபோல. பிடிக்க அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அந்த மெல்லிய தகட்டில் கை வைக்க இடமே இல்லை.

கெட்டிச் சாலைக்கு வந்ததும் நர்ஸம்மா கேரியரில் ஏறினார். புருஷனின் தோளில் ஒரு கை, சக்கரத்தில் ஒரு கால், ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். தோல்வாரை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இருக்கையின் முதுகுக்கு மேலே குனிந்து, பெண்ணின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். புருஷனை அடுத்து வருகிற வண்டியில் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பின்பாரத்தால் முன்சக்கரங்கள் தரையை லேசாகத்தான் தொட்டன. ஸ்டியரிங் கையில் மிதந்தது. வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு குழியையும் முன்கூட்டியே பார்த்து, வளைவுகளை அகலமாக எடுத்தேன். பின்னாலிருந்து நர்ஸம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"நாடி இருக்கு. நீங்க போங்க... ஏத்தா, கண்ண மூடாத, என்னப் பாரு. இந்தா, நாகமலை வந்துருச்சு பாரு... டாக்டரம்மா, வலி வருது, நிறுத்துங்க."

வலி வந்தபோதெல்லாம் ஓரமாக நிறுத்தினேன். போனதும் ஓட்டினேன். எதிரே வந்த பாரவண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்கள். காளவாசலைத் தாண்டும்போது பாய் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. முன்னால் ஓடி, நடுரோட்டில் நின்றிருந்த கட்டை வண்டியைக் கூச்சல் போட்டு ஒதுக்கினார்.

நான்கரை மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். ஸ்ட்ரெச்சர் வந்தது. பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். தோல்வாரை அவிழ்த்தபோது நர்ஸம்மாவுக்குக் கால் மரத்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கஞ்சிச் சேலை முழுக்கச் செஞ்சேறும் கருஞ்சேறும். குடையை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆறு மணிக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. வெளியே வந்திருந்த கை நீலம் பாய்ந்து வீங்கியிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் அறுவை செய்த டாக்டர். சரியாகவும் ஆயிற்று. தாய் எட்டு மணிக்குக் கண் விழித்தாள். சொன்னபடி நான் பக்கத்தில் இருந்தேன். அவள் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றி, அடுத்தது, "பின்னாடி உக்காந்து வந்தாகளே, அந்த அம்மா விழுந்துறலையே?"

நான்கு நாள் கழித்து, பாதை காய்ந்ததும், பெட்டியையும் குடையையும் எடுத்துவர நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போனோம். வீட்டு முற்றத்தில் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள், சீக்குக் குழந்தைகளோடு வந்தவர்கள், எதற்கென்று சொல்லக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றவர்கள். டாக்டரம்மா பெட்டிக்காக எப்படியும் வருவார் என்று கணக்குப் போட்டு, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். அத்தனை பேரையும் பார்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதில் மூன்று பேருக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே மதுரை வந்துவிடும்படி நாள் சொல்லி அனுப்பினேன். ஒருத்திக்குக் குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை வெளியிலிருந்தே கையால் திருப்பிவிட முடிந்தது.

வரும் வழியில் நர்ஸம்மாவிடம் சொன்னேன், வாரம் ஒரு நாள் செக்கானூரணிக்கு வந்து உட்காரலாம் என்று. அண்ணனின் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. கூப்பிட்ட பிறகு ஓடுவதைவிட, கூப்பிடுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

"மடக்கு மேசை ஒண்ணு வேணும்," என்றார். "மறைப்புத் துணி வேணும். தண்ணி காய்ச்ச டின்னு வேணும். பெட்டியும் வரணும்."

"எல்லாம் ஏறுமா?"

"நீங்க ஓட்டுங்க. ஏத்துறது என் பாடு."

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, மேசைக் கால்கள் வானத்தைப் பார்க்க, நாங்கள் கிளம்பினோம்.